மலை இறங்கியிருக்கீங்களா?

விற்கப்போகிற காரைக் கழுவித் துடைத்து வைப்பது பொய் சொல்வதில் சேருமா?

சிரிக்காதீர்கள். 2016-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையெல்லாம் ஷாம்பூ நுரையோடு நிற்கும்போது இந்தக் கேள்வி வந்து என்னை மடக்கியது. அப்போது நாமக்கல்லில் குடியிருந்தேன். வாசலில் நின்றது 2001 மாடல் மாருதி 800. பதினொரு மணிக்குப் பார்க்க ஆள் வருகிறது. மாதக்கணக்கில் புழுதியோடு கிடந்த வண்டியை அன்றைக்கு மட்டும் பளபளவென்று ஆக்கிக்கொண்டிருக்கிறேன். எதற்கு? 'இந்த ஆள் வண்டியை இப்படித்தான் வெச்சிருப்பார்போல' என்று வருகிறவர் நினைக்க வேண்டும், அதற்குத்தானே? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு ஒட்டடை அடிப்பதில்லையா, அதுபோலத்தான் இது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு துடைத்து முடித்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கினால் துருப்பிடித்த ஓட்டை; மழைக்காலத்தில் கால் நனையும். இடது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. முன்பக்கம் ஒரு மினி லாரி இடித்து, டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தது. வெயிலில் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் நிறம் கொஞ்சம் வேறு. டயர் இரண்டு வழவழ. டேப் பாடாது. கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஆனால் ஓடும். பதினைந்து வருடம் முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, பசுமை வரி கட்டி, இன்னும் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பித்திருந்தேன். அதாவது, ஓடலாம் என்று அரசாங்கமே சொல்லியாயிற்று.

என் மெக்கானிக் இதில் என்னைவிட அனுபவஸ்தர். "சார், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததச் சொன்னா, இவ்வளவு சொல்றவன் இன்னும் எவ்வளவு மறைக்கிறானோன்னுதான் நினைப்பான். அப்புறம், ஆள் வர்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்திருங்க. காலைல வர்ற அந்த நீலப் புகை அப்ப வராது" என்றார்.

"தப்பில்லையா?" என்றேன்.

"தப்பா? மெட்ராஸ் வெள்ளத்துல கழுத்து வரைக்கும் முழுகின வண்டியெல்லாம் பாலிஷ் போட்டு நிக்குது. நீங்க என்னமோ புகைக்குப் போயி..." என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் ஆயிரக்கணக்கில். பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நஷ்ட ஈடு கொடுத்துவிட்டு அவற்றை ஏலத்தில் தள்ளின. சல்லிசாக எடுத்தவர்கள் காயவைத்து, சீட் கவர் மாற்றி, சென்ட் அடித்து, வெளியூர்களில் விற்றார்கள். அந்த நாட்களில் பழைய கார் வாங்கப் போனவர்களுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது, அங்கே சேற்றுக் கோடு நிற்கும் என்று.

நான் அந்த ரகம் இல்லை என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். ஒரு வெள்ளைத்தாளில் ஆறு குறைகளையும் வரிசையாக எழுதினேன். என்னைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆனாலும் பத்தேமுக்காலுக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். புகை அந்த ஆறில் இல்லை.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கூடவே அவருடைய அம்மா. ஊர் வாழவந்தி நாடு. கொல்லிமலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மலையில் ஊராட்சிகளுக்கு 'நாடு' என்றுதான் பெயர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, இப்படி. வாழவந்தி நாடு என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் அங்கே போய்க் குடியேறத் தோன்றும். மனுஷர் பல வருடம் அடுத்தவர் பிக்கப் வண்டியில் மிளகும் பலாப்பழமும் வாழைத்தாருமாக ஏற்றிக்கொண்டு கீழே வந்து போனவர். இப்போது அம்மாவை மாதம் இரண்டு முறை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவேண்டும். பஸ்ஸில் அந்த வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி நிற்பதில்லை. "கார்னாலும் வருமுங்க. ஆனா நடுவுல நிறுத்திக்கலாமில்ல" என்றார்.

மலையிலிருந்து வருகிறவர், வெள்ளந்தி, இவரிடம் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்படி நினைத்ததே ஒரு அகம்பாவம் என்பது பிறகுதான் புரிந்தது.

அவர் வண்டியைச் சுற்றி வரவில்லை. நேராகப் போய் போனட் மேல் உள்ளங்கையை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் தாளை நீட்டி ஆறு குறைகளையும் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை கொடுக்கும் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுல நீங்க மலை இறங்கியிருக்கீங்களா சார்?"

"ஒரு தடவை போயிருக்கோம். ஃபேமிலியோட. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை எல்லாம் பார்த்துட்டு நல்லபடியா வந்துட்டோம்."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நல்லபடியாகத்தான் வந்தோம். நடுவில் நடந்ததைத்தான் சொல்லவில்லை.

நடந்தது இது. 2011. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டிருக்கும். இறங்கும்போது எழுபதிலிருந்து எண்ணிக்கொண்டே வரலாம். நாற்பதாவது வளைவு பக்கம் ரப்பர் எரிகிற மாதிரி ஒரு நாற்றம். பிரேக் பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல உள்ளே போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரைத் திணித்து, தடுப்புச் சுவரை ஒட்டி எப்படியோ நிறுத்தினேன். பின் சீட்டில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணி நேரம் நின்றபிறகு பிரேக் தானாகவே திரும்பி வந்தது. ஊர்ந்து இறங்கினோம். மறுநாள் மெக்கானிக் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், சூடாயிருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அந்த வண்டியில் நான் மலை ஏறவில்லை. சமவெளியில் ஒருநாளும் பிரேக் தகராறு செய்ததில்லை. எனவே அது குறையே இல்லை என்று மனசு ஒரு தீர்ப்பு எழுதிவைத்துவிட்டது.

நாற்பத்தைந்தாயிரம் கேட்டேன். நாற்பத்தொன்றுக்கு முடிந்தது. அட்வான்ஸ் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். இவ்வளவுதானா என்று பார்த்தேன். "மீதி வெள்ளிக்கிழமைங்க" என்றார். அவருடைய அம்மா அதற்குள் முன் சீட்டில் ஏறி, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கே கிளம்புவதுபோல உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி மனைவி கேட்டாள். "ஏங்க, கொல்லிமலையில நின்னமே, அதச் சொன்னீங்களா?"

"மலை இறங்கியிருக்கீங்களான்னு கேட்டாரு. நல்லபடியா வந்துட்டோம்னேன்."

அவள் பதில் சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மகன் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தான். தூக்கம் வராமல் அவனுடைய ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பதினேழாவது பிரிவு. மோசடி என்றால் என்ன என்று சொல்கிற இடம். விலை பேசும்போது சும்மா இருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்கிறது. பேசவேண்டிய கடமை இருந்தால் தவிர, அல்லது மௌனமே பேச்சுக்குச் சமமாகிவிட்டால் தவிர. உதாரணத்துக்கு ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒருவன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். அதற்கு உடம்பு சரியில்லை என்பது அவனுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. இது மோசடி இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அடுத்த உதாரணம்: வாங்குகிறவள் அவனுடைய சொந்த மகள், இப்போதுதான் வயதுக்கு வந்த மேஜர். அப்படியென்றால் சொல்லியாக வேண்டும். அந்த உறவே பேசவேண்டிய கடமையை உண்டாக்குகிறது. அதற்கடுத்தது: வாங்குகிறவன், 'நீ மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்' என்று சொல்கிறான், விற்கிறவன் கம்மென்று இருக்கிறான். இங்கே மௌனம் பேச்சுக்குச் சமம்.

'மலை இறங்கியிருக்கீங்களா' என்று அவர் கேட்டது முதல் குதிரையா, மூன்றாவது குதிரையா? வக்கீல் வைத்தால் இரண்டு பக்கமும் வாதாடலாம். சொந்த மகளைப் பற்றிச் சட்டம் சொல்கிறது. அடுத்தவருடைய அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சண்டை பழையது. சிசரோ கடமைகளைப் பற்றி கி.மு. 44-ல் எழுதிய புத்தகத்தில் இதே வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்லவேண்டுமா? டயோஜினிஸ் என்ற தத்துவவாதி (பீப்பாய்க்குள் குடியிருந்தவர் இல்லை, இவர் பாபிலோன்காரர்) வேண்டியதில்லை என்கிறார்: சட்டம் சொல்லச் சொன்ன குறையைச் சொல், மற்றபடி ஏமாற்றாமல் வில், சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் ஒப்புக்கொள்ளவில்லை: வாங்குகிறவனுக்குத் தெரியவேண்டியது உனக்குத் தெரிந்திருக்கும்போது, உன் லாபத்துக்காக வாயை மூடிக்கொள்வதுதான் மறைப்பது. சிசரோ சீடர் பக்கம் சாய்கிறார். பூச்சி அரித்த, நோய் வருகிற வீட்டை விற்கிறவனைப் பற்றியும் அதே இடத்தில் விவாதம் உண்டு. இது ஓட்டை வீடு என்று யாராவது கூவி ஏலம் விடுவானா என்று டயோஜினிஸ் தரப்பு கேட்கிறது. என் மெக்கானிக் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் டயோஜினிஸுக்கு நல்ல சிஷ்யர் ஆகியிருப்பார்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின, நாலாவது போட்டது, 2001-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. விஷயம் இவ்வளவுதான்: வண்டியின் குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லா வண்டியையும் பாதி மோசம் என்றே நினைத்து விலை சொல்வான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்கமாட்டான். கடைசியில் சந்தையில் சொத்தைதான் மிஞ்சும். நீங்கள் யோக்கியராக ஆறு குறையைச் சொன்னால், அந்த ஆறுக்கும் கழிப்பார். சொல்லாத ஆறு இருக்கும் என்று அதற்கும் கழிப்பார். ஊரார் சொன்ன பொய்க்கெல்லாம் உண்மை சொல்கிறவன் அபராதம் கட்டுகிறான்.

ஆனால் என்னை அன்றைக்கு உறுத்தியது இதெல்லாம் இல்லை. தாளில் எழுதின ஆறையும் இன்னொரு தரம் யோசித்துப் பார்த்தேன். துரு, கதவு, பெயின்ட், டயர், டேப், கிளட்ச். எல்லாம் அவரே பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடியவை. அதிகம் போனால் விலையில் நாலாயிரம் போகும், போயிற்று. அவரால் அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாதவை இரண்டே இரண்டு. புகையும் பிரேக்கும். அந்த இரண்டைத்தான் நான் விட்டிருக்கிறேன். இத்தனை உண்மை சொல்கிற மனுஷன் வேறெதையும் மறைக்கமாட்டான் என்று தோன்றவைப்பதற்காகவே அந்த ஆறையும் சொன்னேனோ? காரைக் கழுவின மாதிரி அதுவும் ஒரு கழுவல்தானோ?

காலையில் போன் செய்தேன். மலையில் சிக்னல் வந்து வந்து போனது. நாற்பதாவது வளைவுக் கதையை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எந்த கியர்ல இறங்குனீங்க சார்?" என்றார்.

யோசித்தேன். "நாலுல இருந்திருக்கும். சில இடத்துல நியூட்ரல்ல விட்டேன். இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சமாகுமேன்னு..."

"அதானுங்க!" என்று சிரித்தார். "எந்த கியர்ல ஏறுறமோ அதே கியர்லதான் இறங்கோணும். இன்ஜினே வண்டியப் புடிச்சுக்கும். நீங்க எழுவது வளைவையும் பிரேக்குலயே இறங்கப் பாத்திருக்கீங்க. ஆமா, பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"மாத்தின மாதிரி ஞாபகம் இல்லை."

"அது வெளிக்காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சுக்குமுங்க. பழைய ஆயில் சூடானா கொதிச்சு ஆவியாயிரும். அப்புறம் பெடல்ல என்ன இருக்கும்?"

"அப்ப தப்பு வண்டியோடது இல்லையா?"

"பாதி ஆயிலு, பாதி நீங்க" என்றார். "அது சரி, நேத்து போனட்டு சூடா இருந்துச்சுங்களே? அதுக்கு என்ன காரணம்னு நான் கேக்கல. அதான் ஐந்நூறோட நிறுத்திக்கிட்டேன். வெள்ளிக்கிழமை வர்றதா வேண்டாமான்னு யோசனைலதான் இருந்தேன்."

காது சூடாகியது. நீலப் புகையையும் சொன்னேன். "வால்வு சீலாத்தான் இருக்கும். ஆயிரத்தஞ்சூறு கழிச்சுக்குங்க" என்றார். சரி என்றேன்.

அகர்லாஃப் கணக்கில் விற்கிறவனுக்குத்தான் விஷயம் தெரியும். இங்கே தலைகீழ். வண்டி எனக்குத் தெரிந்த அளவுக்கு, அது போகப்போகிற ரோடு அவருக்குத் தெரியும். என்னிடம் இருந்தது ஒரு சம்பவம். அதற்கு என்ன அர்த்தம் என்பது அவரிடம் இருந்தது. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, நானே அர்த்தமும் சொல்லிக்கொண்டு, குறை இல்லை என்று முடிவும் கட்டிவிட்டேன்.

என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "கடைசியில பிரேக்ல பெரிய கோளாறே இல்லையே. அப்ப நீ மறைச்சது என்ன? ஒண்ணுமில்லாததை மறைச்சா எப்படிப் பொய்யாகும்?" என்று மடக்கினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அது ஒன்றுமில்லாதது என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் முன் சீட்டில் பையோடு உட்கார்ந்திருந்தபோது, இந்த வண்டி நாற்பதாவது வளைவில் நிற்காமலும் போகலாம் என்ற நினைப்பு எனக்குள் எங்கேயோ இருந்தது. அது இருக்கும்போதுதான் அட்வான்ஸை வாங்கிப் பையில் போட்டேன். பிறகு கதை நல்லவிதமாக முடிந்தது அந்த ஐந்நூறு ரூபாயை எப்படிச் சுத்தம் செய்யும்?

வெள்ளிக்கிழமை வந்தார். ஒர்க் ஷாப்பில் விட்டு பிரேக் ஆயிலை மாற்றினோம். காசு நான் கொடுத்தேன். படிவம் 29, 30 கையெழுத்தெல்லாம் ஆயிற்று. (வண்டி விற்கிறவர்கள் இந்த இரண்டையும் கொடுத்தாயிற்று என்று தூங்கிவிடாதீர்கள். பெயர் மாறிய ஆர்.சி.யைப் பார்த்த பிறகு தூங்குங்கள். வண்டி கைமாறிய பிறகு நடந்த விபத்தானாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், நஷ்ட ஈடு அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.)

"வாங்க சார், ஒரு தடவ இறங்கிக் காட்டறேன்" என்றார். காரவள்ளி தாண்டி இருபதாவது வளைவு வரைக்கும் ஏறினோம். அங்கே திருப்பிக்கொண்டு இறங்கினார். பாதி தூரம் இரண்டாவது கியர், வளைவுகளில் முதல் கியர். இன்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது; வண்டி கஷ்டப்படுகிறது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவருடைய கால் பெடலை எப்போதாவதுதான் தொட்டது. ஏறி வருகிற வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்.

அடிவாரத்தில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்புதான்.

மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "இன்னும் ஏதாச்சும் இருக்குங்களா சார்?"

நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, "ஸ்டெப்னியில காத்து நிக்காது" என்றேன்.

"அத அன்னைக்கே அமுக்கிப் பாத்துட்டேனுங்க" என்றார்.